இருக்கியாப்பா?

டிர்ர்ர்ர்ர்!

லிஃப்ட்டின் அபாய மணி கட்டடமே அதிரும்படி அலறியது. தரைத்தளத்து மீட்டர் அறையில் ஃபியூஸ் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஏழாவது மாடிக்காரரா இருக்கும்," என்றார், வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன். யாரைப் பார்த்தாலும் விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பதால் கட்டடத்தில் அவருக்கு 'மேஜர்' என்று பெயர். "போன வாரமும் இப்படித்தான் அடிச்சாரு. அலறியடிச்சு ஓடினா, உள்ளே ஃபேன் ஓடலையாம். மேல போறதே அரை நிமிஷம். அதுக்கு ஒரு காத்து வேணுமாம் துரைக்கு!"

மணி நின்றது. மறுபடி அடித்தது. இம்முறை விட்டு விட்டு. எட்டிக் குதித்துப் பொத்தானை அழுத்துகிற மாதிரி.

மெக்கானிக்கின் கை நின்றது. மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கும் சத்தம். அதற்கு முன்னால் குரல் வந்து சேர்ந்தது.

"மாமா! மாமா! பட்டாணி உள்ள இருக்கா!"

அவனுடைய மச்சினி. ஆறாவது மாடியில் குடியிருப்பவள். அக்கா இறந்துபோன இந்தப் பதினான்கு மாதங்களாக, பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா மகள் பட்டாணியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, மாலையில் மாமாவிடம் ஒப்படைப்பவள். இப்போது தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள். கையில் நீல நிற இன்ஹேலர்.

"ஜன்னல்ல உங்க வண்டியைப் பாத்துட்டா மாமா. அப்பா வந்தாச்சு, அப்பா வந்தாச்சுன்னு குதிச்சா. இரு, அடுப்பை அணைச்சிட்டு வர்றேன்னேன். திரும்பறதுக்குள்ள ஆளைக் காணோம். காலையில இருந்தே நெஞ்சுல விசில் சத்தம் வேற. இது டி.வி. மேலயே இருக்கு..." என்று இன்ஹேலரை நீட்டினாள். யாரிடம் நீட்டுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"மேஜர், தீயணைப்புக்குப் போன் பண்ணுங்க!"

"பண்றேன் தம்பி. ஆனா இந்த நேரத்து டிராஃபிக்ல அவங்க வர..."

"பண்ணிட்டு மேல வாங்க!"

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினான். லிஃப்ட் எங்கே நின்றிருக்கும் என்பது மணிச் சத்தம் வந்த உயரத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. 

அந்தக் கட்டடத்தில் இரண்டாம் மாடியும் மூன்றாம் மாடியும் ஒரு துணிக் கிடங்கு. லிஃப்ட் வாசல்களை அவர்கள் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். முதல் மாடியை விட்டால் நான்காம் மாடிதான். நடுவில் முப்பதடிக்குக் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. மெக்கானிக் அதைக் குருட்டுச் சுவர் என்பான். அந்தச் சுவருக்கு நடுவில்தான் அவன் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

ஏன் நின்றது என்பதும் அவனுக்குத் தெரியும். லிஃப்ட்டின் கம்பிக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. அது தேய்ந்து போயிருந்தது. புதிது வருகிற வரைக்கும் தாங்கட்டும் என்று, போன செவ்வாய்க்கிழமை தீப்பெட்டி அட்டையை மடித்து அதற்குப் பின்னால் செருகி வைத்தான். அட்டை நழுவியிருக்கும். லிஃப்ட் கதவு திறந்திருப்பதாக நினைத்து நின்றிருக்கும்.

அட்டையை மடித்து வைத்தது இந்தக் கைதான்.

நான்காம் மாடியின் வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்தான். பத்தடி கீழே லிஃப்ட்டின் கூரை தெரிந்தது. ரிவெட் அடித்த தகரம். காற்றுக்காக விரல் நுழைகிற அளவில் நாலு ஓட்டை.

"பட்டாணி! இருக்கியா?"

ஒரு நொடி. இரண்டு நொடி.

"இருக்கேன்ப்பா..."

அந்தக் கேள்வியும் பதிலும் லிஃப்ட் வேலைக்காரர்களுடையது. ஒருவன் மேலே இயந்திரத்தோடு இருப்பான். இன்னொருவன் கீழே இருட்டில் கயிற்றோடு இருப்பான். 'இருக்கியா?' என்று மேலே இருப்பவன் கேட்டு, 'இருக்கேன்' என்று பதில் வராமல் சக்கரத்தில் கை வைக்கக் கூடாது. கை வைத்த இடங்களில் விரல்கள் போயிருக்கின்றன. ஓரிடத்தில் ஆளே போயிருக்கிறான்.

அம்மா போன பிறகு பட்டாணி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். குளியலறையில் இருந்து, "இருக்கியாப்பா?" போர்வைக்குள் இருந்து, "இருக்கியாப்பா?" அவன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாலும், "இருக்கியாப்பா?" நேற்றுகூட எரிந்து விழுந்தான். "எங்கடி போயிடப் போறேன்? ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி கேப்ப?"

இப்போது கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியாக அவளுடைய மூச்சு கேட்டது. விசில். இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று.

"பட்டாணி, நல்லாக் கேளு. கதவுகிட்ட நிக்காதே."

"இங்க சுவர் இருக்குப்பா. அதுல ஏதோ எழுதியிருக்கு. கையை விட்டுத் தொட்டுப் பாத்தேன்."

 கம்பிகளுக்கு நடுவில் கையை விட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் லிஃப்ட் அசைந்தால், கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பது நாலு விரற்கடை இடம்.

"தொடாதே! கையை உள்ள எடு. பின்னாடி சுவர்ல முதுகை வெச்சு உட்காரு. என்ன ஆனாலும் கையை வெளிய நீட்டக் கூடாது." பிறகு வீட்டில் சொல்கிற பழக்கத்தில் மளமளவென்று சொன்னான்: "மூச்சு வாங்கும்போது பேசாதே. தலையை ஆட்டினாப் போதும். மூக்கால இழு, வாயால ஊது. அப்பா மேல போறேன்."

"போகாதப்பா!"

"மேல போனாத்தான் உன்னை எடுக்க முடியும்."

"போகாத... இங்கயே இருப்பா... அப்பா..."

லிஃப்ட்டுக்குள் சின்னக் கைகள் தகட்டில் அடிக்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே ஏறி வந்திருந்த மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீ இங்கயே உட்காரு. அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கோ, எட்டிப் பாக்காதே. லிஃப்ட்டு இந்த வாசலுக்கு வந்ததும் கம்பிக் கதவை இழு, மருந்தைக் குடு. என்னைப் பாத்துட்டு நிக்காதே."

"அவ கூப்பிடறா மாமா."

"கேக்குது."

கேட்டுக்கொண்டே ஏறினான். ஒவ்வொரு மாடி ஏறும்போதும் அந்தக் குரல் ஒரு மாடி கீழே போனது. பெற்ற பிள்ளை போகாதே என்று கத்த, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிற தகப்பனை அவன் அதுவரை பார்த்ததில்லை.

மொட்டைமாடியில் இயந்திர அறை. வெயிலில் காய்ந்த சிமென்ட் கூரை. உள்ளே அடுப்பு மாதிரி அனல். முதலில் மெயின் ஸ்விட்ச்சை இறக்கினான். மேஜர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"போன் போட்டாச்சு... இருபது நிமிஷமாவது ஆகுமாம்... தம்பி, அந்தக் கதவு ஸ்விட்ச்சை எப்படியாவது ஏமாத்தி மோட்டாரை ஓட்ட முடியாதா?"

"முடியும். பத்து நொடியில வந்துடும். அவ கை வெளிய இருந்தா கையையும் எடுத்துட்டு வரும். மோட்டாருக்குக் கண்ணு இல்ல மேஜர். கையாலதான் இழுக்கணும். இந்த நெம்புகோலைப் பிடிங்க. இது பிரேக். நான் 'விடு'ன்னா அழுத்துங்க. 'பிடி'ன்னா அந்த நொடியே கையை எடுத்துடணும்."

"தப்பாயிட்டா?"

"தப்பாகக் கூடாது."

தரையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கயிறுகள் கீழே இறங்கின. அந்த ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினான்.

"பட்டாணி! இருக்கியா?"

அவள் பதில் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டாள். கிணற்றுக்கு அடியில் இருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

"இருக்கியாப்பா?"

"இருக்கேன்!"

அவன் சக்கரத்தின் பூட்டை எடுப்பதற்குள் மறுபடியும்.

"இருக்கியாப்பா?"

"இருக்கேன்டா! இருக்கேன்!"

மூன்றாவது முறை 'இருக்கியா' வரைதான் வந்தது. 'அப்பா' வரவில்லை. மூச்சு பற்றவில்லை.

"விடுங்க மேஜர்!"

பிரேக் திறந்தது. லிஃப்ட்டில் பத்தொன்பது கிலோ குழந்தை மட்டும்தான். மறுபக்கம் தொங்குகிற எடைக்கல்லோ அரை டன்னுக்கு மேல். பிடிப்பு விட்டதும் அது இறங்கி லிஃப்ட்டை மேலே இழுத்தது. சக்கரம் அவன் கையில் இருந்து பிய்த்துக்கொண்டு சுழலப் பார்த்தது. இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓடிவிடாமல் தாங்குவதுதான் வேலை. தோள்பட்டை நெரிந்தது. கயிறுகள் ஒரு முறை குலுங்கி ஆடின.

"பிடி!"

நின்றது. ஒரு சாண் ஏறியிருக்கும்.

"பட்டாணி! இருக்கியா?"

பதில் இல்லை.

"பட்டாணி!"

கேள்வியும் இல்லை. தினமும் நூறு தடவை கேட்கிறவள், நேற்று வரை அவனை நச்சரித்தவள், கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கயிற்று ஓட்டை வழியாக மச்சினியின் குரல் மேலே வந்தது. "மாமா! நான் கூப்பிட்டாலும் பேச மாட்டேங்கறா! சத்தமே இல்ல மாமா!"

மேஜர் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் தன் கைகளைப் பார்த்தான். பதில் வராமல் சக்கரத்தில் கை வைக்கக் கூடாது. பதினாறு வருடம் மீறாத விதி. மயங்கிக் கம்பிக் கதவின் மேல் சாய்ந்து கிடக்கிறாளா? கை வெளியே தொங்குகிறதா? அப்படியானால் சக்கரத்தைத் திருப்பினால் கை போகும். திருப்பாவிட்டால் மூச்சு போகும்.

கீழே ஓடிப்போய்ப் பார்க்கவும் முடியாது. பார்க்கத்தான் அங்கே வழியே இல்லையே.

போன வாரம் மச்சினி சொன்னது எதற்கோ ஞாபகம் வந்தது. பட்டாணிக்கு அவன் தலை பின்னிக்கொண்டிருந்தான். ஸ்பேனர் பிடிக்கிற விரல்களில் பின்னல் வரவில்லை. நாலு முறை அவிழ்த்து நாலு முறை பின்னினான். அவளோ தலை இழுபட இழுபட, இவனை நம்பி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த மச்சினி, "கடவுளும் நம்மகிட்ட இப்படித்தான் மாமா இருப்பாரு. அவரும் அப்பாதானே?" என்றாள்.

"உங்க அக்கா ஆஸ்பத்திரியில கிடந்த நாப்பது நாளும் கூப்பிட்டேன். அப்பா இல்லம்மா அவரு. கஸ்டமர் கேர். மணி மட்டும் அடிக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க," என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"தம்பி," என்றார் மேஜர். "ஏதாவது ஒண்ணு பண்ணணும்."

மெக்கானிக் நிமிர்ந்தான். மேலே பார்த்தான். மேலே வெறும் சிமென்ட் கூரைதான் இருந்தது, அதில் ஒரு விரிசல். பிரார்த்தனை எதுவும் நாக்கில் வரவில்லை. தெரிந்த ஒரே வார்த்தைதான் வந்தது. தொண்டை கிழிய வந்தது.

"இருக்கியா?"

"இருக்கேன் தம்பி," என்றார் மேஜர் பதறிப்போய். "இங்கதான் இருக்கேன். பிரேக்லதான் கை இருக்கு. சொல்லு, விடட்டா?"

அவன் அவரையே பார்த்தான். வியர்வையில் மீசை தொங்கிப் போய், இரு கைகளாலும் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்.

கை போனால் போகட்டும். அவள் வளர்ந்து, 'ஏன்ப்பா என் கையை நசுக்கினே?' என்று ஆயுசுக்கும் கேட்கட்டும். கேட்க அவள் இருக்க வேண்டும். அவளுக்குப் புரியாமலே போனாலும் போகட்டும். இதை நினைத்தபோது அவனுக்குள் ஏதோ திடுக்கிட்டது. பதினான்கு மாதங்களாக அவன் யார் மேல் கோபமாக இருந்தானோ, அவரும் இப்படி ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பாரோ? அதை யோசிக்க நேரமில்லை.

"விடுங்க!"

ஒரு சாண். "பிடி!" காதைக் கொடுத்தான். ஒன்றுமில்லை.

"விடுங்க!" ஒரு சாண். "பிடி!"

உள்ளங்கைத் தோல் உரிந்து சக்கரம் வழுக்கியது. சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டான். நான்காம் மாடிக்கு லிஃப்ட் வந்தால், கயிற்றில் அவனே பூசிய மஞ்சள் பெயின்ட் அடையாளம் இரும்புச் சட்டத்துக்கு நேரே வர வேண்டும். மஞ்சள் இன்னும் கண்ணிலேயே படவில்லை.

"விடுங்க!"

கீழே ஏதோ 'நறுக்'கென்று நொறுங்கியது.

"மாமா! என்னமோ உடையுது மாமா!" மச்சினி வீறிட்டாள்.

"பிடி! பிடி!"

பிரேக் விழுந்தது.  மெக்கானிக் சக்கரத்தின் மேலேயே நெற்றியை வைத்தான். அந்தச் சத்தம் என்னவென்று கேட்கத் தைரியம் வரவில்லை. மேஜர் அழுதுகொண்டிருந்தார். அழுதுகொண்டே, "தம்பி, நிறுத்தாதே. பாதியில நிறுத்தாதே," என்றார்.

"விடுங்க," என்றான். 

அதற்குப் பிறகு எத்தனை சாண் என்று அவன் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் மஞ்சள் தெரிந்தது. சட்டத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக வந்தது. நேரே வந்தது.

"பிடி!"

கீழே கம்பிக் கதவு கிறீச்சிடும் ஓசை கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. மச்சினி ஒரு வார்த்தைகூடக் கத்தவில்லை.

எப்படி இறங்கினான் என்று பின்னாளில் அவனுக்கு நினைவில்லை. ஐந்தாம் மாடித் திருப்பத்தில் விழுந்தது மட்டும் முழங்காலில் இருந்தது.

லிஃப்ட்டுக்குள் மச்சினி மண்டியிட்டிருந்தாள். பட்டாணியின் வாயில் இன்ஹேலர். "இழு... இன்னும் ஒண்ணு... பிடிச்சுக்கோ... அஞ்சு எண்ணு..." உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பின் சுவரில் முதுகை ஒட்டவைத்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். கை தானாக வெளியே போய்விடக் கூடாதாம். வாசல் விளிம்பில், கம்பி வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவளுடைய கலர் பென்சில் டப்பா சப்பையாக நசுங்கிக் கிடந்தது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். முதலில் வலது கை. ஐந்து விரல்கள். இடது கை. ஐந்து விரல்கள். மறுபடியும் முதலில் இருந்து எண்ணினான்.

நாலு முறை இழுத்த பிறகு விசில் தணிந்தது. உதட்டில் கொஞ்சம் சிவப்பு ஏறியது. அவள் அவன் கையில் சுற்றியிருந்த சட்டையைப் பார்த்தாள்.

"ரத்தம்ப்பா."

"ஒண்ணுமில்லடா."

மேஜர் அப்போதுதான் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து வந்து சேர்ந்தார். பட்டாணியைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஒரு சல்யூட் வைத்தார். "நானும் இவ்வளவு நேரமா உயிரோடதான் இருக்கேன். என்னை ஒருத்தராவது இருக்கியான்னு கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து மூக்கைச் சிந்தினார்.

"கேட்டேன் மேஜர்," என்றான் மெக்கானிக் மெதுவாக. "நீங்க பதிலும் சொன்னீங்க."

மச்சினிக்கு இப்போதுதான் கோபம் வந்தது. பயம் தெளிந்ததும் வருகிற கோபம். "ஏண்டி, தொண்டை கிழியக் கூப்பிட்டோமே! ஒரு வார்த்தை பேசறதுக்கு என்ன? செத்துப் பொழைச்சோம்டி நாங்க! காது கேக்கலையா உனக்கு?"

"கேட்டுச்சே சித்தி. தலையாட்டினேனே."

"தலையாட்டினியா?"

"அப்பாதான் பேசாதேன்னாரு. தலையை ஆட்டினாப் போதும்னாரு. நீங்க கூப்பிட்டப்ப எல்லாம் ஆட்டினேன். நிறைய ஆட்டினேன். கழுத்து வலிக்குது."

மேஜர் சிரிக்கத் தொடங்கி அது இருமலில் போய் முடிந்தது. மச்சினி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. மெக்கானிக் சிரிக்கவில்லை. நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள், யாருக்கும் தெரியாமல், கழுத்து வலிக்க வலிக்க ஆடிக்கொண்டிருந்த அந்தத் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். நாற்பது நாள் கூப்பிட்டதும், பதில் வரவில்லை என்று தான் முடிவு கட்டியதும் மனதில் ஓடின.

ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சரி, பதில்தான் சொல்லல. நீ எப்பவும் கேப்பியே பட்டாணி... 'இருக்கியாப்பா'ன்னு. மூணு வாட்டிதான் கேட்டே. அப்புறம் ஏன் கேக்கவே இல்ல? அப்பா போயிட்டேன்னு நினைச்சிட்டியா?"

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா இந்த அப்பாவுக்கு என்கிற பார்வை.

"மேல ஓட்டை வழியாக் கயிறு ஆடறது தெரிஞ்சுதுல்லப்பா... நீ மேலதான் இருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"